முப்பது நாள் கணக்கு



சென்ற இதழில் பிள்ளை பெற்ற வீட்டுப் பத்தியச் சமையல் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி, "எங்கள் வீட்டுக் குழந்தை எட்டாம் மாதமே பிறந்துவிட்டது. இப்போது கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு என்ன ஜாக்கிரதையெல்லாம் வேண்டும்?" என்று கேட்டிருந்தார். அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அதே கேள்வியை இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் யாரிடமும் கேட்காமல் இருந்ததால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அதனால் இந்த முறை சமையல், தையல் எல்லாம் இருக்கட்டும். இதைச் சொல்லிவிடுகிறேன்.

என் மகளுக்குத் தலைப்பிரசவம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து திருநின்றவூருக்கு அழைத்து வந்திருந்தோம். வந்த பத்தாம் நாளே வலி எடுத்துவிட்டது. 32ஆம் வாரத்தில் ஆண் குழந்தை. எடை 1,450 கிராம். ஒன்றரைக் கிலோ கத்தரிக்காய் கூட இல்லை! மூச்சுத் திணறல் இருந்ததால் முதல் ஒன்பது நாள் பிராணவாயு கொடுத்தார்கள். 22ஆம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ஒரு சீட்டு கொடுத்து, சொட்டு மருந்து, தாய்ப்பால், நெஞ்சோடு அணைத்துப் படுக்க வைப்பது எல்லாம் விளக்கமாகச் சொன்னார். சீட்டின் கடைசியில், 'ஒரு வாரத்துக்குள் விழித்திரைப் பரிசோதனை' என்று ஒரு வரி. அதையும் அவர் சொன்னார். ஆனால் நான் காதில் வாங்கவில்லை.

வாங்கவில்லை என்பது கூடப் பொய். வாங்கினேன், ஒதுக்கிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மகள், "அம்மா, கண் டாக்டர்கிட்ட காட்டணும்னு எழுதியிருக்கே?" என்றாள். "பச்சை உடம்புக்காரி நீ. சுண்டைக்காய் மாதிரி குழந்தை. இதைத் தூக்கிக்கிட்டு பட்டணம் போறதா? நாற்பது நாள் கழியட்டும். குழந்தை நல்லாத்தானே முழிச்சிப் பார்க்குது" என்று நான்தான் சொன்னேன். சம்பந்தியம்மாவும் போனில், "ஆமாம்மா, கண்ணு பட்டுடும். எங்கேயும் வெளியே எடுக்க வேணாம்" என்றார். பெரியவர்கள் இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்ன பிறகு சிறியவர்கள் என்ன பேச முடியும்?

28ஆம் நாள் எங்கள் பகுதி சுகாதார நர்ஸ் குழந்தையை எடை பார்க்க வீட்டுக்கு வந்தார். சீட்டை வாங்கிப் படித்தவர் முகம் மாறிவிட்டது. "கண் பார்த்தாச்சா?" என்றார். நாற்பது நாள் கணக்கைச் சொன்னேன். "அம்மா, நீங்க எண்றது நாற்பது. இந்தக் குழந்தைக்கு எண்ண வேண்டியது முப்பது. நாளைக்கே போங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சுரீர் என்றது.

மறுநாள் காலை முதல் கூட்டம் வருவதற்கு முன்னால் அரக்கோணம் லோக்கலைப் பிடித்தோம். மகள் மார்போடு குழந்தையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். ஆவடி, அம்பத்தூர், வில்லிவாக்கம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக வர வர, நான் எங்கள் ஊர் இருதயாலீஸ்வரரை வேண்டிக்கொண்டே வந்தேன்.

கண் ஆஸ்பத்திரியில் குழந்தையின் கண்ணில் மருந்து விட்டு பாப்பா விரியும்வரை காத்திருந்தோம். பிறகு இமைகளைச் சின்னக் கம்பி வைத்துத் திறந்து, டாக்டர் தலையில் மாட்டிய விளக்கு வழியாக உள்ளே பார்த்தார். குழந்தை வீரிட்டு அழுதது. மகள் வெளியே ஓடிவிட்டாள். நான்தான் தலையைப் பிடித்துக்கொண்டேன். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. எனக்கு ஐந்து மணி நேரமாகத் தெரிந்தது.

"விழித்திரையில் ரத்தக் குழாய்கள் இன்னும் ஓரம்வரை வந்து சேரவில்லை. வளர்ந்த இடத்தின் எல்லையில் ஒரு மேடு தெரிகிறது. அடுத்த வாரம் கட்டாயம் வாங்க" என்றார் டாக்டர். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறந்த குழந்தைக்கு ரத்தக் குழாய் இனிமேல்தான் வளர வேண்டுமா? கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். பிறகு நானும் விசாரித்து, படித்துத் தெரிந்துகொண்டதை நமக்குப் புரிகிற மாதிரி எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் வயல்கள் எல்லாம் மனைகளாகி வருகின்றன. முதலில் வீடு கட்டிக் குடி வந்துவிடுவார்கள். தண்ணீர்க் குழாய் பின்னால்தான் வரும். தண்ணீர் இல்லாத தெருக்காரர்கள் போய் முறையிட்டால், குழாய் ஒவ்வொரு தெருவாக நீண்டுகொண்டே வரும். நம் உடம்பிலும் இப்படித்தான். பிராணவாயு போதாத சதை சும்மா இருக்காது. 'எனக்கு ரத்தம் வரவில்லை' என்று ஒரு ரசாயனத்தைச் சுரந்து முறையிடும். அந்த முறையீடு கிடைத்த திசையில் பக்கத்து ரத்தக் குழாய் கிளை விட்டு நீளும். ரத்தம் வந்து சேர்ந்ததும் முறையீடு அடங்கும். குழாயும் அத்தோடு நிற்கும்.

அரிவாள்மணையில் விரலை வெட்டிக்கொண்டால் ஆறும்போது அடியில் சிவப்பாகப் புதுச் சதை வருகிறதே, அந்தச் சிவப்பு முழுவதும் புதிதாக முளைத்த நுண்ணிய ரத்தக் குழாய்கள்தான். காயத்தைச் சுற்றித் தேங்கிய நீரை வடிக்க நிணநீர்க் குழாய்களும் அங்கே முளைக்கும். அதற்கும் இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு ரசாயனம் உண்டு. கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போல் இருக்கும் கருவிழியில் ரத்தக் குழாயும் கிடையாது, நிணநீர்க் குழாயும் கிடையாது. அந்த இடத்தில் இருக்கும் பொருள்கள் குழாய்களை உள்ளே வர விடுவதில்லை. அதனால்தான் அது தெளிவாக இருக்கிறது, நமக்கு ஒளி போகிறது. ஆக, குழாய் எங்கே வளர வேண்டும், எங்கே வளரக்கூடாது என்பதைச் சுற்றியுள்ள சதையின் சூழ்நிலைதான் தீர்மானிக்கிறது.

விழித்திரையில் ஏதோ ஒரு பொருள் சுரந்துதான் குழாய்களை வளர்க்கிறது என்று 1948லேயே மைக்கேல்சன் என்ற கண் மருத்துவர் ஊகித்துச் சொன்னார். அது இன்னதென்று தெரிய நாற்பது வருஷம் ஆயிற்று. 1989ல் அமெரிக்காவில் நெப்போலியோன் ஃபெராரா என்ற விஞ்ஞானி அதைப் பிரித்தெடுத்தார். அதன் பெயர் வி.இ.ஜி.எஃப். உடம்பின் அணுக்கள் பிராணவாயு குறைவதை எப்படி உணர்கின்றன என்று கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2019ல் நோபல் பரிசும் கிடைத்தது.

இனிக் குழந்தைக்கு வருவோம். கருவில் சுமார் 16ஆம் வாரத்தில், கண்ணின் பின்பக்கம் நரம்பு நுழையும் இடத்திலிருந்து ரத்தக் குழாய்கள் புறப்படுகின்றன. மூக்குப் பக்கத்து ஓரத்தை 36ஆம் வாரத்திலும், காதுப் பக்கத்து ஓரத்தை ஏறக்குறைய 40ஆம் வாரத்திலும் போய்ச் சேருகின்றன. பத்து மாதம் சுமப்பதில் இப்படியும் ஒரு கணக்கு இருக்கிறது! தாயின் வயிற்றில் குழந்தையின் ரத்தத்துக்குக் கிடைக்கும் பிராணவாயு அளவு, பிறந்த பிறகு கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு போலத்தான் இருக்கும். அந்தக் கொஞ்சமான குறைவுதான் விழித்திரையை மெதுவாக முறையிட வைத்து, குழாய்களை ஒழுங்காக நீள வைக்கிறது.

எங்கள் ஊர்ப் பூசலார் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கையில் காசில்லாமல் மனசுக்குள்ளேயே ஒவ்வொரு கல்லாக அடுக்கிக் கோயில் கட்டினார். காஞ்சியில் கற்கோயில் கட்டிய பல்லவ ராஜாவும் அவரும் கும்பாபிஷேகத்துக்கு ஒரே நாளைக் குறித்துவிட்டார்கள். ஈசன் ராஜாவின் கனவில் வந்து, 'நான் நின்றவூர்ப் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், உன் நாளை மாற்றிக்கொள்' என்றார். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே நடக்கிற வேலைக்கும் முடிகிற நாள் என்று ஒன்று உண்டு. குறைமாதக் குழந்தை அந்த நாளுக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. கண்ணுக்குள் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

வெளியே வந்ததும் பிராணவாயு திடீரென்று கூடிவிடுகிறது. மூச்சுத் திணறும் குழந்தைக்கு மேற்கொண்டும் கொடுக்கிறார்கள். நம் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தால் குழாய்க்கு யாராவது மனுப் போடுவார்களா? அதுபோல விழித்திரை முறையீட்டை நிறுத்திவிடும். ரத்தக் குழாயும் வளராமல் நின்றுவிடும். தாயிடமிருந்து தொப்புள்கொடி வழியாக வந்துகொண்டிருந்த வளர்ச்சிச் சத்துகளும் நின்றுபோவதால் வளர்ச்சி இன்னும் மந்தமாகும். இது முதல் கட்டம்.

சில வாரங்கள் போனால் கண் வளரும், விழித்திரைக்குப் பசி எடுக்கும். அதற்குள் ஓரத்து இடமெல்லாம் குழாய் இல்லாத வெற்றிடம். லாரி நின்றுபோன தெரு மாதிரி ஒரேயடியாகக் கூச்சல் போடும். வி.இ.ஜி.எஃப். அளவுக்கு மீறிச் சுரக்கும். அப்போது முளைக்கும் குழாய்கள் ஒழுங்காக ஓரத்துக்குப் போகாமல், கண்ணின் நடுவிலுள்ள கூழ்போன்ற பகுதிக்குள் கன்னாபின்னா என்று எழும்பும். ரத்தம் கசியும், தழும்பாகிச் சுருங்கும். சுருங்கும்போது விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடும். அதோடு பார்வை போய்விடும். இதைத்தான் 'ஆர்.ஓ.பி.' அதாவது குறைமாத விழித்திரை நோய் என்கிறார்கள்.

பார்த்தீர்களா சகோதரிகளே! முதல் சில வாரங்கள் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்துவிட்டு, பிறகுதான் தலை தூக்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் கண் பளிச்சென்றுதான் இருக்கும். பாப்பா வெள்ளையாகத் தெரியும்போது காலம் கடந்திருக்கும். 'நல்லாத்தானே முழிச்சிப் பார்க்குது' என்று நான் சொன்னேனே, அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது.

இந்த நோயின் சரித்திரமும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1942ல் பாஸ்டன் நகரில் டாக்டர் டெர்ரி என்பவர் முதன்முதலில் இதைப் பற்றி எழுதினார். குறைமாதக் குழந்தைகளைக் காப்பாற்றப் பெட்டிக்குள் தாராளமாகப் பிராணவாயு விட்ட காலம் அது. உயிர் பிழைத்த குழந்தைகளில் உலகம் முழுவதும் ஏறக்குறைய 10,000 பேர் பார்வை இழந்தார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1950ல் ஆறு வாரம் முன்னதாகப் பிறந்த அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டர் அவர்களில் ஒருவர். 1951ல் ஆஸ்திரேலியாவில் கேட் காம்ப்பெல் என்ற பெண் டாக்டர், அதிகப் பிராணவாயுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று எழுதினார். அடுத்த சில வருஷங்களில் அமெரிக்காவில் செய்த சோதனைகள் அதை உறுதி செய்தன. உடனே எல்லோரும் பிராணவாயுவை ஒரேயடியாகக் குறைத்தார்கள். பார்வை பிழைத்தது, ஆனால் மூச்சு போதாமல் குழந்தைகள் இறந்தன! உப்பு மாதிரிதான், கூடினாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது. இப்போது குழந்தையின் காலில் ஒரு கருவியை மாட்டி, ரத்தத்தில் பிராணவாயு அளவு பெரும்பாலும் 90க்கும் 95 சதவீதத்துக்கும் நடுவில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். ஆகவே பிராணவாயு கொடுத்த டாக்டர்மேல் யாரும் கோபப்படக்கூடாது. என் பேரன் உயிரோடு இருப்பதே அதனால்தான்.

நம் சென்னையிலேயே நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1996ல் ஒரு அரசு மருத்துவமனையில் 29ஆம் வாரத்தில் 1,250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. கண் பரிசோதனை செய்ய வேண்டும் என்று பெற்றோருக்கு யாரும் சொல்லவில்லை. சில மாதங்கள் கழித்துத் தெரிந்தபோது பார்வை போய்விட்டிருந்தது. அந்தப் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2009ல் தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அவர்கள் விடவில்லை. 2015 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடாகத் தரும்படி தீர்ப்பளித்தது. அதற்குள் அந்தப் பெண்ணுக்கு 18 வயது முடிந்திருந்தது. எத்தனை கோடி கொடுத்தால் என்ன? அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள். இதைப் படித்தபோது வெட்கத்தில் என் தலை தானாகக் குனிந்தது.

எங்கள் கதைக்கு வருகிறேன். சொன்னபடி அடுத்த வாரம் போனோம். வலது கண்ணில் நோய் அதிகமாகியிருந்தது. இடது கண்ணும் அதே பாதையில் இருந்தது. "இரண்டு மூன்று நாளுக்குள் லேசர் செய்துவிட வேண்டும், தள்ளிப்போடக்கூடாது" என்றார் டாக்டர். சம்பந்தியம்மா அழுதேவிட்டார். "அஞ்சு வாரக் குழந்தை கண்ணுல லேசரா? வேற டாக்டர்கிட்ட கேட்கலாமே" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு வாரத்துக்கு முன்னால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். மாப்பிள்ளை டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "செய்யலேன்னா?" டாக்டர் பதில் சொல்லாமல் அவர் முகத்தையே பார்த்தார். மாப்பிள்ளை பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

லேசர் என்றால் கத்தி இல்லை. குழாய் வந்து சேராமல் பசியில் கத்துகிற அந்த ஓரப் பகுதியை ஒளியால் சுட்டு அடக்கிவிடுகிறார்கள். கூச்சல் நின்றால் கன்னாபின்னா வளர்ச்சியும் நிற்கும். ஓரப் பார்வை கொஞ்சம் குறையலாம், ஆனால் நடுப்பார்வை பிழைக்கும். சில குழந்தைகளுக்கு வி.இ.ஜி.எஃப். ரசாயனத்தையே மடக்கும் ஊசியைக் கண்ணுக்குள் போடுகிறார்கள். அதற்குப் பின்னாலும் பல மாதங்கள் கண்காணிக்க வேண்டும். எது நல்லது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். எங்கள் குழந்தைக்கு இரண்டு கண்ணிலும் லேசர். அன்று முழுவதும் மகள் அந்த வராந்தாவில் உட்கார்ந்து, "நான் ஏதாவது தப்பா சாப்பிட்டுட்டேனா அம்மா? அதனாலதான் சீக்கிரமா பிறந்துட்டானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இல்லை கண்ணு, உன் மேல் தப்பில்லை. தப்பு செய்யப் பார்த்தவள் உன் அம்மா.

இப்போது பேரனுக்கு இரண்டு வயது. கிட்டப்பார்வைக்காகக் கண்ணாடி போட்டிருக்கிறான். நாளைக்குப் பத்து தடவை கழற்றி எறிகிறான். கோலத்தில் ஊரும் எறும்பைக் குனிந்து தொட்டுக் காட்டுகிறான். போன மாதம் சம்பந்தியம்மா வந்திருந்தபோது எல்லோருமாக இருதயாலீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். இடுப்பில் இருந்தபடியே சன்னதி விளக்கைப் பார்த்துக் கை நீட்டினான். நாங்கள் இரண்டு பாட்டிகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

கடிதம் எழுதிய சகோதரிக்கும், மற்றவர்களுக்கும் நினைவில் வைக்க வேண்டியவை:

1. நம் நாட்டு வழக்கப்படி 34 வாரத்துக்கு முன்னால் பிறந்த குழந்தைக்கும், 2,000 கிராமோ அதற்குக் குறைவாகவோ உள்ள குழந்தைக்கும் விழித்திரைப் பரிசோதனை அவசியம். 34 முதல் 36 வாரத்தில் பிறந்தும் மூச்சுத் திணறல், ரத்தத்தில் கிருமி போன்ற தொல்லைகள் இருந்திருந்தால் டாக்டரைக் கட்டாயம் கேளுங்கள்.

2. பிறந்த 30 நாளுக்குள் முதல் பரிசோதனை. 28 வாரத்துக்கு முன்னாலோ, 1,200 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்திருந்தால் இரண்டு மூன்று வாரத்திலேயே பார்க்க வேண்டும். குழந்தை இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்தால், 'எப்போது பார்ப்பீர்கள்?' என்று நாமே கேட்கலாம், தப்பில்லை.

3. ஒரு தடவை பார்த்தால் போதாது. 'ரத்தக் குழாய் ஓரம்வரை வந்துவிட்டது, இனி வேண்டாம்' என்று டாக்டர் சொல்லும்வரை, சொன்ன தேதியில் போக வேண்டும். ஒரு வாரம் தள்ளினால் கூட ஆபத்து.

4. சோதனைக்குச் சற்று முன்னால் வயிறு நிறையப் பால் கொடுக்காதீர்கள், ஓக்காளிக்கும். முடிந்ததும் அணைத்துக் கொடுங்கள். உடனே சமாதானமாகும்.

5. தாய்ப்பாலும் எடை ஏறுவதும் முக்கியம். எடை மெதுவாக ஏறும் குழந்தைக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம். நெஞ்சோடு அணைத்துப் படுக்க வைப்பதை விடாதீர்கள்.

6. கண்ணில் தாய்ப்பால் பீய்ச்சுவது, எண்ணெய் விடுவது, மை இடுவது எதுவும் வேண்டாம். இந்த நோய் கண்ணின் பின்பக்கத்தில் இருக்கிறது. நம் கை வைத்தியம் அங்கே போய்ச் சேராது.

7. நோய் வராத குறைமாதக் குழந்தைக்கும் பின்னால் கிட்டப்பார்வை, மாறுகண் வரலாம். வருஷத்துக்கு ஒரு முறை கண்ணைக் காட்டிவிடுங்கள்.

8. காசுக்குப் பயந்து நிற்க வேண்டாம். மத்திய அரசு 2013ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தை நலத் திட்டத்தில் இந்த நோயும் சேர்க்கப்பட்டிருக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

தீட்டுக்கு நாற்பது நாள், தொட்டிலுக்கு நல்ல நாள், பேர் வைக்க நட்சத்திரம் என்று எல்லாவற்றுக்கும் நாள் எண்ணுகிறவர்கள் நாம். குறைமாதக் குழந்தை பிறந்த வீட்டில் காலண்டரை எடுத்து, பிறந்த தேதியிலிருந்து முப்பது எண்ணி ஒரு வட்டம் போடுங்கள். அதற்கு முன்னால் போய்விட்டு வந்துவிடுங்கள். நாற்பது நாள் சடங்கை அதற்குப் பிறகு நிம்மதியாகச் செய்துகொள்ளலாம்.

அடுத்த இதழில் சந்திப்போம்.